எங்கள் கிணற்றுத் தண்ணீரும் மீன் தொட்டிப் பாசியும்

மகள் எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போனபோது துணிமணி, லேப்டாப், இரண்டு பெட்டி நிறையப் புத்தகம் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். மீன் தொட்டியை மட்டும் கொண்டுபோக முடியவில்லை. அவள் தங்கப்போவது நாலு பெண்கள் சேர்ந்து இருக்கிற ஹாஸ்டல் அறை. "அம்மா, நீங்க பாத்துக்குவீங்களா?" என்று கேட்டாள். நாலு மாட்டையும் பத்துப் பன்னிரண்டு கோழிகளையும் பார்க்கிறவளுக்கு விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் ஒரு பாரமா? "இதென்ன பெரிய காரியமா கண்ணு, நீ போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன்.

தொட்டி அவள் அறையில், வடக்கு மூலையில் ஒரு மேஜைமேல் இருந்தது. மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் கப்பி மீன்கள் இருபதுக்குக் குறையாமல், கறுப்பு மாலி நாலு, அடியில் கூழாங்கல், ஓரத்தில் குமிழி விட்டுக்கொண்டு ஒரு ஃபில்டர். அறையைப் பூட்டி வைத்துவிட்டு மீனை மட்டும் உள்ளே விட எனக்கு மனசு வரவில்லை. வருகிறவர்கள் கண்ணிலும் படட்டும் என்று தொட்டியைக் காலி செய்து, நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து தூக்கி வந்து, முன்னறையில் கிழக்கு ஜன்னல் பக்கத்தில் வைத்தோம். தோட்டத்து மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பிலேயே தண்ணீர் நிரப்பினேன். காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து தொட்டியில் விழுந்தபோது கப்பிகளின் வால் நெருப்புப் போல மின்னியது. அன்றைக்குப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் தொட்டி பச்சையாகிவிட்டது.

முதலில் லேசாக ஒரு மங்கல். அடுத்த நாள் பச்சைப்பயறு ஊறவைத்த தண்ணீர் மாதிரி. மூன்றாம் நாள் கீரை கடைந்து ஊற்றியது போல ஆகி, மீன்கள் கண்ணாடியை ஒட்டி வந்தால் மட்டும் தெரிந்தன. கூழாங்கல்மேல் முடி முடியாகப் பாசி வேறு. நான் தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுக் கல்லைத் தேய்த்துக் கழுவி, கண்ணாடியைக் காய்ந்த பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, மறுபடி கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். அரை நாள் வேலை. ஒரு வாரம்தான் தெளிவாக இருந்தது. அப்புறம் மறுபடியும் அதே பச்சை.

என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வரும்போதெல்லாம் தொட்டிமுன் நின்று பார்ப்பார். "ஏம்புள்ள, நீ மீன் வளக்கறியா, பாசி வளக்கறியா?" என்பார். ஒருநாள் பொள்ளாச்சியிலிருந்து நங்கையா வந்திருந்தார், அவருடைய அக்கா. காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடி தொட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள மீனிருக்குதா என்ன?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "என்னமோ போ. இத வெளிய எடுத்து வெச்சீன்னா மாட்டுக்காச்சும் தண்ணி காட்டலாம்" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. பத்தாவது வரைக்கும் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு எது ஒன்றிலும் முதலாவதாக வர வாய்ப்பே இல்லாமல் போனது. நாலு கண்ணாடிக்குள் இருக்கிற தண்ணீரைத் தெளிவாக வைத்துக்கொள்ளக்கூட எனக்குத் துப்பில்லையா என்று தோன்றியது. அன்றைக்குத்தான் இதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மகளுக்குப் போன் செய்தேன். "ஜன்னல்கிட்டயா வெச்சிருக்கீங்க? வெயில் பட்டா பாசி வரும்மா. என்ற ரூம்ல வெயிலே வராதுல்ல?" என்றாள். சரிதான் என்று தொட்டியை உள்சுவர் பக்கம் மாற்றினோம். விளக்கைக் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் போட்டேன். பச்சை வருவதற்கு ஏழு நாளுக்குப் பதிலாகப் பத்து நாள் ஆயிற்று. வருவது நிற்கவில்லை.

தீனியைக் குறைத்தேன். அதிலும் என்மேல் தப்பு இருந்தது. கோழிக்கு அள்ளி வீசிப் பழகிய கை, மீனுக்கும் தாராளமாகவே போட்டது. தின்னாத தீனி அடியில் படிந்து அழுகினால் அது பாசிக்குச் சாப்பாடு என்று மகள் விளக்கினாள். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும், அதுவும் ஒருவேளை என்று மாற்றினேன். கல்லில் இருந்த முடிப்பாசி குறைந்தது. பச்சைத் தண்ணீர் குறையவில்லை.

கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊருக்குப் பக்கத்து டவுன் கொழிஞ்சாம்பாறை; அங்கே ஒரு மீன் கடையில் கேட்டேன். கடைக்காரர், கறுப்பாக வாய் கீழே இருக்கிற ஒரு மீனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். "சக்கர்ங்க. பாசியெல்லாம் நக்கித் தின்னுரும்" என்றார். அது வந்த புதிதில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நக்கத்தான் செய்தது. ஆனால் தண்ணீரில் கரைந்து கிடக்கிற பச்சையை எந்த மீன் நக்க முடியும்? பத்து நாளில் அது பாசியை விட்டுவிட்டுக் கப்பிக்குப் போடுகிற தீனியைத் தின்னக் கற்றுக்கொண்டது. தின்றதற்கெல்லாம் சேர்த்து நூல் நூலாகக் கழிந்தும் வைத்தது. தொட்டி முன்பைவிட மோசமானது. அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கடைக்காரர் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் போர்வை போட்டு மூடிப் பார்த்தேன். வெளிச்சமே படாமல் நாலு நாள். என் வீட்டுக்காரர், "காய்ச்சலாட்டம் போத்தி வெச்சிருக்கறயே" என்று கேலி செய்தார். ஐந்தாம் நாள் போர்வையை எடுத்தேன். என்ன ஒரு தெளிவு! அந்தக் கடைசி மூலை வரைக்கும் தெரிந்தது. மாலி ஒன்று குட்டி போட்டிருந்தது, அதுகூடத் தெரிந்தது. செத்த பாசி அடியில் கிடக்குமே என்று பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். அதிலிருந்து ஆறாம் நாள் மறுபடி பச்சை!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன், யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்று.

ஐப்பசி மழையில் மோட்டார் காயில் எரிந்தது. அதைக் கழற்றிக்கொண்டு போன மெக்கானிக் மழையைக் காரணம் சொல்லி மூன்று வாரம் இழுத்தார். குடிக்கவும் சமைக்கவும் பஞ்சாயத்துப் பைப்பில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீர். மாட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து. மீன் தொட்டிக்கு யாரிடம் போய்த் தண்ணீர் கேட்பது? மொட்டைமாடியிலிருந்து விழுகிற மழைத் தண்ணீரைப் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்து, அதில் நாலு குடம் எடுத்து வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். அதற்குமேல் அந்த மூன்று வாரமும் தொட்டிக்கு நான் எதுவும் செய்யவில்லை. மழை, சேறு, மாட்டுக்கொட்டாய் ஒழுகல் என்று அதைப் பார்க்கவே நேரமில்லை.

ஒருநாள் மத்தியானம் ஈரத் துணியை உள்ளே கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால், தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவர் காலண்டர் தெரிந்தது. தொட்டி வழியாகவே தேதியைப் படிக்க முடிந்தது. துணியைப் போட்டுவிட்டுக் கிட்டே போனேன். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று கைவிட்டுப் பார்க்கிற மாதிரி அவ்வளவு தெளிவு.

மழைமூட்டத்தில் வெளிச்சம் குறைவு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மோட்டார் வந்து மாட்டிய பிறகும் மழைமூட்டம் அப்படியேதான் இருந்தது. நான் பழையபடி கிணற்றுத் தண்ணீரில் பாதி மாற்றினேன். எட்டே நாளில் காலண்டர் மறைந்துவிட்டது.

அந்தப் பச்சைத் தொட்டிமுன் உட்கார்ந்திருந்தபோது முதல்முறையாகத் தலைக்குள் ஒன்று உதித்தது. இத்தனை மாதமாக நான் பாசியைக் கழுவிக் கழுவிக் கொட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் அதற்குப் புதுச் சாப்பாடு ஊற்றிக்கொண்டிருக்கிறேனோ? மகளுக்குப் போன் போட்டேன். "நீ இருந்தப்ப எந்தத் தண்ணி கண்ணு ஊத்துவ?"

"பைப்புல புடிச்சு ஒரு நாள் வெச்சிருந்து ஊத்துவேன். ஏம்மா?"

"கெணத்துத் தண்ணி ஊத்தினதே இல்லியா?"

"அந்த ஹோஸ அவ்வளவு தூரம் யாரு இழுத்துட்டு வர்றது? ரூம் ஜன்னலுக்கு நேராத்தான பைப்பு இருக்குது" என்றாள்.

இதை என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தக் கிணறு அவருடைய அப்பா ஆள் வைத்து வெட்டி, தானும் கூட இறங்கி வெட்டிய கிணறு. கோடையில் சுற்று வட்டாரத்துக் கிணறெல்லாம் வற்றும்போது எங்கள் கிணற்றில் மட்டும் நாலு ஆள் ஆழம் தண்ணீர் நிற்கும். ஒறம்பரை என்று எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் முதலில் ஒரு சொம்பு அந்தத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சே ஆரம்பிப்பார். "குடிச்சுப் பாருங்க, எளநி தோத்துப்போகும்" என்பார். பஞ்சாயத்துத் தண்ணீர் மருந்து நாற்றம் அடிக்கிறது என்று, மோட்டார் இல்லாத அந்த மூன்று வாரம் தவிர, அதை வாயில்கூட வைக்க மாட்டார்.

சாயங்காலம் அவர் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு சொன்னேன். "ஏனுங்க, நம்ம கெணத்துத் தண்ணியிலதானுங்க என்னமோ இருக்குது. அதனாலதான் பாசி வருது."

அவர் முகம் மாறியது. "என்ன இருக்குது?"

"தோட்டத்துக்குப் போடற ஒரம் இருக்கலாமுங்க. கெணத்தச் சுத்தியுந்தான தக்காளி, மொளகா போடறோம். குப்பக்குழியும் பக்கத்துலயே இருக்குது."

"மேல போடற ஒரம் மேலதான் இருக்கும். அத்தன ஆழத்துக்கு அது எப்படிப் போகும்? ஒரு மீன் தொட்டிய ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல, என்ற கெணத்தச் சொல்ல வந்துட்டா" என்று எழுந்து போய்விட்டார். அவர் என்னிடம் குரலை உயர்த்துகிறவர் இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. ஆனால் என்னுடைய என்கிற அந்த "என்ற"வை அழுத்திச் சொன்னார்.

வாயால் சொன்னால் நிற்காது, கண்ணால் காட்ட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. ஒரே அளவான ஊறுகாய் பாட்டில் மூன்றைக் கொதிதண்ணீரில் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்தேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். ஒன்றில் பைப்புத் தண்ணீர், மருந்து வாடை போகட்டும் என்று ஒரு நாள் திறந்து வைத்திருந்தது. இன்னொன்றில் டிரம்மில் இருந்த மழைத் தண்ணீர். தொட்டியிலிருந்து அந்தப் பச்சைத் தண்ணீரை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு டீஸ்பூன் விட்டேன். மூடியை இறுக்காமல் வைத்து, மூன்றையும் காம்பவுண்டுச் சுவர்மேல், வெயில் ஒரேமாதிரி படுகிற இடத்தில் வரிசையாக வைத்தேன். மகள் விட்டுப் போன மார்க்கர் பேனாவில் ஒவ்வொன்றின்மேலும் எழுதினேன்.

அவர் அதைப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து மாட்டைப் பிடித்துக்கொண்டு போகும்போது நின்று, எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "மழத்தண்ணியில உப்பே கெடயாது. அதுல ஒண்ணுமே மொளைக்காது. அத வெச்சு என்ற கெணத்துல ஒரம் இருக்குதுன்னு எப்படிச் சொல்லுவ?" என்றார்.

எனக்குக் கோபம் வர வேண்டியது. வரவில்லை. ஏனென்றால் அது சரியான கேள்வி. முப்பது வருஷம் மண்ணையும் பயிரையும் பார்த்தவர் கேட்கிற கேள்வி. "அப்படின்னா என்னுங்க பண்றது?" என்றேன்.

மாட்டைச் சுவர் ஓரம் கட்டினார். சாமான் வைக்கிற சாளைக்குள் போய் உரமூட்டையிலிருந்து காம்ப்ளக்ஸ் உரம் கடுகளவு இரண்டு விரலில் எடுத்து வந்தார். "இன்னொரு பாட்டல் கொண்டா. மழத்தண்ணியே ஊத்து. பாசியும் அதே அளவு ஊத்து. அதுல இத நான் போடறன். உன்ற பேச்சு நெசம்னா மழத்தண்ணியும் பச்சையாகணும். ஆகலீன்னா தொட்டிய எடுத்து வெளிய வெச்சரோணும்."

"வெச்சரலாமுங்க" என்றேன்.

அதிலிருந்து தினமும் காலையில் இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வருவோம். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வதில்லை. அவர் போன பிறகு நான் போவேன். நான் திரும்பிய பிறகு அவர் இன்னொரு தடவை போவார். கிணற்றுத் தண்ணீர் பாட்டில் ஆறாம் நாள் பச்சையாகத் தொடங்கியது. பைப்புத் தண்ணீரில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் லேசாக ஒரு நிறம், அவ்வளவுதான். வெறும் மழைத் தண்ணீர் போட்டபடியே இருந்தது. அவர் கையால் உரம் போட்ட நாலாவது பாட்டில் இரண்டு நாள் பிந்தித்தான் வைத்தது. நாலைந்து நாள் அதில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு காலையில் பார்த்தால் பச்சை பெயின்டைக் கரைத்து ஊற்றியதைப் போல நின்றது. பின்னால் கையை வைத்தால் கை தெரியவில்லை.

நான் கூப்பிடவில்லை. அவரே வந்தார். நாலு பாட்டிலையும் ஒன்றொன்றாகத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீரையும் உரம் போட்ட மழைத் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தோற்றுவிட்டோமே என்று யோசிக்கிறார் என்று நான் நினைத்தேன். அவர் யோசித்தது அது இல்லை.

"நாமளுந்தான இத்தன வருசமா இதக் குடிக்கறோம்" என்றார். "புள்ளைக்கும் இதத்தான குடுத்து வளத்தோம்."

அந்த நிமிஷத்தில் எனக்கு ஜெயித்த சந்தோஷம் துளிக்கூட இல்லை. அவர் கையிலிருந்து பாட்டிலை வாங்கிச் சுவர்மேல் வைத்தேன். "பாசி சொல்றத மட்டும் வெச்சு முடிவு பண்ண வேண்டாமுங்க. லேப்புல குடுத்துப் பாக்கலாம்" என்றேன்.

அடுத்த வாரம் பைக்கில் பாலக்காட்டுக்குப் போய்த் தண்ணீர் சோதிக்கிற லேப்பில் ஒரு சுத்தமான பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தோம். ரிசல்ட் வாங்கப் போன அன்று அங்கே இருந்த பெண் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். குடிக்கிற தண்ணீரில் இருக்கலாம் என்று சொல்லப்படுகிற அளவைவிட நைட்ரேட் அதிகம் என்று மலையாளத்தில் விளக்கினாள். கொதிக்க வைத்தாலும் அது போகாது, வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும் என்றாள். கைக்குழந்தைக்குப் பால்பொடி கலக்க இந்தத் தண்ணீரை எடுக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு, "சேச்சிக்கு இது எங்ஙன மனசிலாயி?" என்று கேட்டாள். எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்கிறாள். மீன் தொட்டியில் பாசி வந்தது, பாட்டில் வைத்துப் பார்த்தேன் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். அவள் உள்ளே திரும்பி இன்னொருவரைக் கூப்பிட்டாள். "சாரே, இதொன்னு கேட்டே" என்று, நான் சொன்னதை அவரிடமும் சொல்லவைத்தாள். அவர் நான்கு பாட்டில் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த நாலாவது பாட்டில் வைத்தது யார் யோசனை என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரரைக் காட்டினேன். இவர் கூச்சப்பட்டுச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த அன்றே குடிக்கவும் சமைக்கவும் பைப்புத் தண்ணீர் என்று ஆனது. மருந்து வாடைக்கு அவர் இரண்டு நாள் முகத்தைச் சுளித்தார், மூன்றாம் நாள் பழகிவிட்டார். கிணற்றை ஒட்டியிருந்த குப்பைக்குழியை மூடிவிட்டு, தாழ்வான பக்கத்தில், தூரமாகப் புதுக்குழி வெட்டினார். மாட்டுக்கொட்டாயிலிருந்து மூத்திரம் ஓடுகிற வாய்க்காலையும் அந்தப் பக்கம் திருப்பினார். அரசாங்க விவசாய ஆபீசான கிருஷி பவனில் மண்ணைச் சோதிக்கக் கொடுத்தார். அங்கே இருந்த ஆபீசர் தண்ணீர் ரிசல்ட்டையும் பார்த்துவிட்டு, "உங்க தண்ணியிலயே ஒரம் இருக்கு. அதத்தான் பாச்சறீங்க. மேல போடறதக் குறைங்க, பிரிச்சுப் பிரிச்சுப் போடுங்க" என்று சொன்னாராம். அப்படியே செய்தார். அந்த வருஷம் தக்காளிச் செடியில் இலை கொஞ்சம் குறைவாக இருந்தது, காய் குறையவில்லை.

தொட்டிக்கு வருகிறேன். பைப்புத் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து, வாரத்துக்கு ஒருமுறை நாலில் ஒரு பங்கு மட்டும் மாற்றினேன். கால்வாயிலிருந்து வேலம்பாசி கொஞ்சம் எடுத்து வந்து, நன்றாக அலசி, தனி வாளியில் பத்து நாள் வைத்திருந்து பிறகு தொட்டியில் விட்டேன். பேர் பாசி என்றாலும் அது செடி. தண்ணீரில் இருக்கிற சத்தை அது இழுத்துக்கொண்டு வளர்ந்தால், பச்சைக்கு மிச்சம் கிடைக்காது. வளர வளரக் கிள்ளி எடுத்துத் தென்னை மரத்தடியில் போட்டேன். ஒரு மாதத்தில் தொட்டி நிலைத்தது. கண்ணாடியில் லேசாகப் படிவது மட்டும் வரும். வாரத்தில் ஐந்து நிமிஷம் தேய்த்தால் போதும். அது வரத்தான் செய்யும், தண்ணீரும் வெளிச்சமும் இருக்கிற இடத்தில் பாசியே இல்லாமல் வைக்க யாராலும் முடியாது என்பதையும் அதற்குள் நான் கற்றுக்கொண்டிருந்தேன்.

நங்கையா அடுத்த முறை வந்தபோது தொட்டிமுன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முழு மத்தியானமும் கப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் அவர் கண்ணில் படுகிற மாதிரி கண்ணாடியை ஒரு தடவை துடைத்துவிட்டேன், அதற்கு அவசியமே இல்லாதபோதும்.

சேதி பால் சொசைட்டியில் பரவியது. பரப்பியது நான் இல்லை, அவர்தான். "எங்கூட்டுக்காரி ஊறுகா பாட்டல்ல கண்டுபுடிச்சா" என்று பால் ஊற்ற வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறார். முதலில் மேற்குத் தோட்டத்துப் பெண் ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தாள். அவளுக்கு ஏழு மாதக் குழந்தை. "அக்கா, எங்க கெணத்தயும் பாத்துச் சொல்றீங்களா?" என்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. "இதோ பாரு அம்மிணி, பாட்டல் பச்சையானா தண்ணி கெட்டதுன்னு அர்த்தமில்ல, லேப்புல குடுக்கோணும்னுதான் அர்த்தம். அதுவரைக்கும் கொளந்தைக்குக் கெணத்துத் தண்ணி வேண்டாம்" என்றேன். அவள் பாட்டில் பச்சையானது. லேப்பிலும் அதிகம் என்றுதான் வந்தது. அவள் அதற்குள்ளேயே பைப்புத் தண்ணீருக்கு மாறியிருந்தாள்.

அப்புறம் ஒன்று இரண்டாக வந்து, பதினான்கு வீட்டுப் பாட்டில்கள் எங்கள் சுவர்மேல் நின்றன. சில பச்சை, சில வெளிர் பச்சை, சில தெளிவு. ரோட்டில் போகிறவர்கள் பைக்கை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதில் ஒரு தெளிவான பாட்டில் எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது. போர்வெல் தண்ணீர். சொட்டுப் பச்சை இல்லை. அந்த வீட்டுக்காரர் அப்பாடா என்று கிளம்பினார். எதற்கும் லேப்பில் கொடுங்கள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நைட்ரேட் இல்லை, ஃப்ளோரைடு அதிகம் என்று வந்தது. பாசியால் காட்ட முடியாத கெடுதலும் தண்ணீரில் இருக்கிறது. அன்றிலிருந்து யார் பாட்டில் கொண்டுவந்தாலும் முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வாங்கி வைக்கிறேன்.

போன மாசிமாதம் பஞ்சாயத்து ஹாலில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. கிருஷி பவன் ஆபீசர் என்னையும் வரச்சொல்லி, பாட்டில்களையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். தேங்காய் எண்ணெய் டின் வந்த அட்டைப்பெட்டியில் பழைய புடவையைச் சுற்றி நாலு பாட்டிலைக் கொண்டுபோனேன். புதிதாகத் தயார் செய்தவை. மேஜையில் அதை வரிசையாக வைத்ததும் ஹாலில் பேச்சு நின்றது. மைக்கில் பேசிப் பழக்கமில்லை. முதல் இரண்டு வாக்கியம் நடுங்கியது. மூன்றாவது பாட்டிலைத் தூக்கிக் காட்டும்போது நடுக்கம் போய்விட்டது.

பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஏனுங்க, இந்தப் பைப்புத் தண்ணி பாட்டல் ஏன் சுத்தமா தெளியாம லேசாப் பச்சையாட்டம் நிக்குது?" என்று கேட்டார். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "என்னைக் கேட்டா? அவளக் கேளுங்க. கண்டுபுடிச்சது அவ" என்றார். ஹால் முழுக்கக் கேட்டது. பெரியவர் என் பக்கம் திரும்பினார். பைப்பில் வருவது ஆற்றுத் தண்ணீர்தான், அதிலும் கொஞ்சம் சத்து இருக்கும், அது எவ்வளவு என்பதுதான் கேள்வி, அதுகூட நம் தோட்டங்களிலிருந்து வழிந்து போனதாக இருக்கலாம் என்று பதில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

திரும்பும்போது பைக்கில் அவர் பின்னால் உட்கார்ந்து வந்தேன். கால்வாய்ப் பாலம் தாண்டியதும், "அந்த ஆத்துத் தண்ணி பதில் நல்லாருந்துச்சு புள்ள" என்றார். அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் நடுவழியே போகும்போது கடைமுன் நின்றவர்களெல்லாம் பார்க்கட்டும் என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன்.